நானோ ஆராய்ச்சி: கோட்பாட்டு வழியா, சோதனை வழியா?

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கி, நாமக்கல்லிலும் சேலத்திலும் அறிவியல் பட்டப்படிப்புப் பயிலும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரு வினா எழுப்பினர். "நானோ பொருள்களை ஆராய விரும்புகிறோம். கணக்கும் கணிப்பொறியும் கொண்டு கோட்பாட்டு வழியில் செல்வதா? ஆய்வுக்கூடத்தில் நின்று சோதனை வழியில் செல்வதா?" என்பதே அவ்வினா. நான் வரலாறு பயின்றவன். ஆகவே வரலாற்றைத் துணைக்கொண்டு விடை கூற முற்படுகிறேன்.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஏறக்குறைய 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள அளவில் பொருளின் இயல்பே மாறக்கூடும். மஞ்சள் நிறப் பொன், அவ்வளவிற்குச் சிறுத்து நீரில் மிதக்கும்போது செந்நிறம் காட்டும். 1857ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து உரைத்தவர் மைக்கேல் பாரடே. அவர் கொல்லரின் மைந்தர். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். உயர்கணிதம் கற்கும் வாய்ப்புப் பெறாதவர். அச்செந்நிறத்தைச் சமன்பாடுகளால் விளக்கியவர் குஸ்தாவ் மீ என்னும் ஜெர்மானியர், ஆண்டு 1908. இங்கே சோதனை முந்தியது.

கிராஃபீன் என்பது ஓரணுத் தடிமனேயுள்ள கரித்தாள். அதன் மின்னியல்பை 1947இல் வாலஸ் என்பவர் ஏட்டிலேயே கணக்கிட்டார். கெய்ம், நோவோசெலோவ் ஆகிய இருவரும் மான்செஸ்டரில் ஒட்டுநாடா கொண்டு கிராஃபைட்டிலிருந்து அதனை உரித்தெடுத்து ஆராய்ந்த முடிவுகள் வெளிவந்தது 2004இல். 2010இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். இங்கே கோட்பாடு முந்தியது.

ஆகவே இவற்றுள் எது உயர்ந்தது என்பது கேட்கத்தக்க வினாவன்று. ஆயினும் நம் நாட்டில் ஏடு ஒருவர்க்கு, கைத்தொழில் மற்றொருவர்க்கு என வகுத்து வைத்தனர். சாதி, தொழிலை மட்டுமன்றித் தொழிலாளரையே கூறுபோடுகிறது என்று டாக்டர் அம்பேத்கர் 1936இல் எடுத்துக்காட்டினார். அந்த வகுப்பின் நிழல் நம் பிள்ளைகள் மனத்தில் இன்றும் இருக்கிறது. "கணக்கு நமக்கு வராது" என்று அஞ்சிச் சோதனைப் பக்கம் ஒதுங்குவோர் உண்டு. "எங்கள் கல்லூரியில் கருவி இல்லை" என்று கோட்பாட்டுப் பக்கம் ஒதுங்குவோரும் உண்டு. இவ்விருவரும் தாமாகத் தேர்ந்தவர் அல்லர். அச்சமும் வறுமையும் அவர்களுக்காகத் தேர்ந்துவிட்டன.

கோட்பாட்டு வழிக்கு நுண்கணிதமும் குவாண்டம் இயற்பியலும் அடிப்படை. வால்டர் கோன் முதலியோர் 1964, 1965ஆம் ஆண்டுகளில் வகுத்த முறையைக் கொண்டு, ஒரு பொருளைச் செய்யுமுன்னரே அதன் இயல்பைக் கணிக்கலாம். அதற்கான கணிப்பொறி நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் தவறாக வினவினாலும் கணிப்பொறி ஒரு விடை தரும்; அதனை ஐயுறத் தெரிந்தவனே ஆராய்ச்சியாளன்.

சோதனை வழியில் துகளைச் செய்வது பல வேளைகளில் எளிது. அதனைக் காண்பதே அரிது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் பிற நிறுவனங்களை நாடி, முறை வரும்வரை காத்திருக்க நேரும். மூலிகை இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நுண்துகள் செய்வது இன்று கல்லூரிகளில் பரவலாகியுள்ளது. நம் மலையில் இலைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் மற்றுமோர் இலையில் மற்றுமொரு முறை செய்து காட்டுவது மட்டும் ஆராய்ச்சியாகாது. இலையிலுள்ள எப்பொருள் துகளை உண்டாக்கியது, அத்துகள் எதற்குப் பயன்படும் என்று கேட்டல் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், வெள்ளி நுண்துகள்கள் நீரிலுள்ள பூச்சிமருந்து நஞ்சைச் சிதைப்பதைக் கண்டனர். அக்கண்டுபிடிப்பு வீட்டு நீர் வடிகட்டியாக மக்களிடம் சென்றது.

மாணவச் செல்வங்களே! முதல் இரண்டாண்டுகளில் எந்தக் கதவையும் அடைக்காதீர்கள். கணிதத்தை விடாதீர்கள், ஆய்வுக்கூட வகுப்பைத் தவறவிடாதீர்கள். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதெமி, பிற இரு அகாதெமிகளுடன் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்திற்கு விண்ணப்பியுங்கள். அங்கே இரண்டு மாதம் உதவித்தொகையுடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டுப் பாருங்கள். ஆசிரியரிடம் சேருமுன், "கருவியில் எனக்கு எத்தனை நாள் கிடைக்கும்? கணக்கை யார் கற்பிப்பார்?" என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு, எவ்வேலையில் பொழுது போவது தெரியாமல் ஆழ்கிறீர்களோ, அதனையே தேர்ந்துகொள்ளுங்கள். மற்ற வழியினரின் மொழியையும் புரிந்துகொள்ளும் அளவிற்குக் கற்றுவையுங்கள்.

கழகப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோடைப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைக்கு வழிச்செலவும், கோட்பாடு பயிலும் பிள்ளைக்கு ஒரு கணிப்பொறியும் கழகம் வழங்குமானால், அவர்கள் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்க வழி பிறக்கும். கழகம் பொன்விழாக் காணும் நாளில், நம் ஆராய்ச்சியாளர் ஒருவர் இம்மேடையில் நின்று தம் கண்டுபிடிப்பை எடுத்துரைக்கட்டும்.