சருகில் இருக்கிறது சத்து



தெற்கு ஆஸ்திரேலியாவில் மவுண்ட் கேம்பியர் என்ற ஊரைச் சுற்றி மைல் கணக்கில் பைன் காடுகள். அந்தப் பைன் மரத்தின் பூர்வீகம் கலிபோர்னியாக் கடற்கரை. மவுண்ட் கேம்பியரில் இருப்பவை எல்லாம் மனிதர் நட்டவை. முதலில் நட்டவை வாட்டசாட்டமாக வளர்ந்தன. வெட்டிவிட்டு அதே மண்ணில் மறுபடி நட்டார்கள். இரண்டாவது காடு தேறவில்லை. பல இடங்களில் வளர்ச்சி கால் பங்கு போலக் குறைந்துவிட்டதை 1966-இல் கீவ்ஸ் என்ற வனவியலாளர் எழுதி வெளியிட்டார். மரவளர்ப்பு உலகமே திடுக்கிட்டது.

பழி பைன் மரத்தின் மேல் விழுந்தது. ஊசியிலை மெதுவாகத்தான் மட்கும், மண்ணில் புளிப்பும் ஏறும், உண்மைதான். ஆனால் பெரிய சேதம் செய்தது மனிதர் வைத்த தீ என்பேன். வெட்டி முடித்ததும் கிளை, சருகு எல்லாவற்றையும் கொளுத்துவது அன்றைய வழக்கம். அடிமரக் கட்டையில் சத்து கொஞ்சம்தான். இலையிலும் சிறு கிளையிலும் தரைச் சருகிலும்தான் அது தங்கியிருக்கிறது. அங்கேயோ மணற்பாங்கான ஏழை நிலம். பல்லாண்டு சேர்ந்த தழைச்சத்து ஒரே நாளில் புகையாகப் போயிற்று. போதாக்குறைக்குக் களை வேறு.

பிறகு கொளுத்துவதை விட்டார்கள். கழிவை நறுக்கி நிலத்திலேயே பரப்பினார்கள், களையை அடக்கினார்கள், வேண்டிய இடத்தில் உரமிட்டார்கள். அதற்குப் பின் நட்ட காடுகள் முதல் காட்டுக்கு ஈடாக, சில இடங்களில் அதையும் மிஞ்சி வளர்ந்தன.

தோப்பு வைத்திருக்கும் நேயர்களே, சருகுக்குத் தீ வைக்காதீர்கள். மரத்தடியிலேயே கிடக்கட்டும்.