பழுதானால் குப்பைதானா?

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. மிக்ஸி சத்தம் போடுகிறது, ஆனால் பிளேடு சுற்றவில்லை. டி.வி.யில் குரல் வருகிறது, படம் வரவில்லை. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "இதற்கு ஆயுள் முடிந்துவிட்டது, புதிது வாங்கிக் கொள்ளலாம்" என்கிறோம். தவணையில் கொடுக்கக் கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். பழையது பரணுக்குப் போகிறது. அல்லது காயலான் கடைக்குப் போகிறது.

ஆயுள் முடிந்துவிட்டது என்று யார் பார்த்துச் சொன்னது? யாருமே திறந்து பார்க்கவில்லையே!

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் அதன் கண்டன்சர் வலுவிழந்திருக்கும். வழக்கமாகப் போடுவது 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மிக்ஸியில் மோட்டார் ஓடி பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கும். மோட்டாரே ஓடவில்லையா? அடியில் உள்ள சிவப்பு ஓவர்லோடு பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்கும் ஓடவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கிரைண்டர் கல் திணறினால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். எல்.இ.டி. டி.வி.யில் குரல் மட்டும் வந்தால், திரைக்குப் பின்னால் ஒளி தரும் எல்.இ.டி. பட்டைகள் போயிருக்கும், அவற்றை மாற்றலாம்.

எல்லாப் பழுதும் சின்னது என்று நான் சொல்லவில்லை. டி.வி. பேனல் உடைந்துவிட்டால் சரி செய்யும் செலவு புதிய டி.வி.யின் விலையை நெருங்கிவிடும். ஆனால் நோயாளியைப் பார்க்காமலே கபனுக்குத் துணி வாங்குகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

தூக்கி எறிந்தது எங்கே போகிறது?

ஐ.நா. அமைப்புகள் 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். மீதி?

மீதியில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் டெல்லியின் சீலம்பூருக்குப் போக வேண்டும். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பழைய கம்ப்யூட்டர்களும் டி.வி.க்களும் செல்போன்களும் லாரியில் அங்கே வந்து இறங்குகின்றன. குறுகலான சந்துகளில், கையுறைகூட இல்லாமல் அவற்றை உடைத்துப் பிரிக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் முராதாபாத், பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே சர்க்யூட் போர்டுகளை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுக்கிறார்கள். அந்தக் கருஞ்சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரையில் குவிந்தது.

சீலம்பூர் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பகுதி. முராதாபாத்தும் நம் மக்கள் நிறைந்த ஊர்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார்கள். ஆனால் போர்டில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பிளாஸ்டிக் ஒயரை எரித்தால் டயாக்சின் என்னும் நச்சு காற்றில் கலக்கும். நாம் பார்க்காமலே தூக்கி எறிவது ஏதோ ஒரு சந்தில், ஏதோ ஒரு பிள்ளையின் மூச்சில் போய்ச் சேருகிறது. இதற்கு நமக்குப் பொறுப்பில்லையா?

நம் மாநிலத்தையும் பாருங்கள். 2006-இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கலர் டி.வி. வந்தது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. அந்தப் பழைய டி.வி.யின் கண்ணாடிக் குழாயில் ஈயம் கலந்திருக்கிறது. குப்பை மேட்டில் உடைத்துப் போடும் பொருளா அது?

வீண் விரயம் எது?

வீண் விரயம் என்றால் கல்யாண விருந்தில் மீந்து போகும் பிரியாணியும், ஒளூச் செய்யும்போது திறந்து விட்ட குழாயும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஐந்து வருடம் உழைக்கக் கூடிய பொருளை ஒரு கண்டன்சருக்காக வீசுவது எந்தக் கணக்கில் வரும்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்துக் கொள்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! கேட்டுவிட்டு, ஒட்டுப் போட்டதைப் பயன்படுத்தக் கௌரவம் பார்க்கிறோம்.

வியாபாரிகளுக்கு

"ரிப்பேர் கடைக்குப் போனால் ஏமாற்றுகிறார்கள்" என்று மக்கள் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். திறந்து பார்த்தபின் செலவு எவ்வளவு என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே கை வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையிலேயே கொடுங்கள். பில் கொடுங்கள். மூன்று மாதமாவது உத்தரவாதம் கொடுங்கள். சரி செய்த பழைய பொருளை விற்பது ஹலாலான வியாபாரம். அதைப் புதியது என்று சொல்லி விற்பது மோசடி. குறையைச் சொல்லி விற்பவனிடம்தான் வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

புதுப் பொருள் விற்கும் சகோதரர்களே! ஸ்பேர் கிடைக்காத கம்பெனிப் பொருளை அதிக கமிஷனுக்காக மக்கள் தலையில் கட்டாதீர்கள்.

இளைஞர்களுக்கு

படித்துவிட்டு வளைகுடா விசாவுக்காகக் காத்திருக்கும் தம்பிமார்களே! ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், பொறுமை, இந்த மூன்றும் இருந்தால் தொழிலைக் கற்கத் தொடங்கலாம். ஐ.டி.ஐ.க்களில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் என்ற இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. தேர்ந்த மெக்கானிக்குகள் முதுமை அடைகிறார்கள். கற்றுக் கொள்ள ஆள் இல்லை என்கிறார்கள். போய் அருகில் உட்காருங்கள்.

ஓர் எச்சரிக்கை. மைக்ரோவேவ் ஓவனையும், பழைய குழாய் டி.வி.யையும் பயிற்சி இல்லாமல் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஜமாஅத்துகளுக்கு

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி ஒரு காரியம் தொடங்கினார். பழுதான பொருளோடு மக்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். தொழில் தெரிந்தவர்கள் இலவசமாகச் சரி செய்து கொடுப்பார்கள். இன்று பல நாடுகளில் இது நடக்கிறது. நம் மஹல்லாக்களில் ஏன் நடக்கக் கூடாது? மாதம் ஒரு நாள், நான்கு மேஜை போதும். சரி செய்த ஃபேனையும் மிக்ஸியையும் விதவைகளின் வீட்டுக்கும் ஏழைக் குமரின் கல்யாணச் சீருக்கும் கொடுக்கலாமே!

உரிமையையும் கேட்போம்

பாகமும் தராமல், திறக்கவும் விடாமல் பொருள் செய்யும் கம்பெனிகளையும் கேள்வி கேட்க வேண்டும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே இயற்றியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த நம் நாட்டு மின்னணுக் கழிவு விதிகள், தயாரிப்பாளர்கள் மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. எனவே சரி செய்யவே முடியாததைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். ஜமாஅத்தே மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் எளிது.

சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறிப் பாருங்கள். தூசி படிந்து கிடப்பதில் ஒன்றையாவது இறக்கி, இந்த வாரத்திற்குள் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஓடினால் தேவைப்படும் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் எத்தனை பேர் கொடுத்தீர்கள் என்று கேட்பேன், இன்ஷா அல்லாஹ்.