வகுப்பில் யார் பேசுகிறார்கள்?

 

ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் பேச்சுத்திறனையும் சொல்வளத்தையும் வளர்ப்பது எப்படி என்று ஆராய இக்கருத்தரங்கில் கூடியிருக்கிறோம். இவ்விரண்டையும் தனித்தனியே பார்ப்பது நம் வழக்கம். சொல்வளத்துக்கு ஒரு பட்டியல், பேச்சுக்கு ஒரு ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்பு என்று பிரித்துவிடுகிறோம். பேசிப் பேசித்தான் சொல் சொந்தமாகிறது என்பது என் கருத்து. ஆகவே, வகுப்பறையில் மாணவர் வாய்திறந்து பேசும் நேரத்தைக் கூட்டுவதே நம் முதல் வேலை.

தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவியை எண்ணிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பு முதல் ஆங்கிலம் படித்தவள். ஐந்து மார்க் வினாவுக்கு அழகாக விடை எழுதுவாள். கேம்பஸ் இன்டர்வியூவில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் தடுமாறுகிறாள். அவளுக்கு அறிவு குறைவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பில் அவளைப் பேசவைத்துக் கேட்டவர் இல்லை.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பு, நாற்பது நிமிடப் பாடவேளை. ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமல், ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். பாடம் நடத்த வேண்டும், கேள்வி பதில் எழுதிப்போட வேண்டும், வருகைப் பதிவு வேறு. அந்த ஒரு நிமிடமும் மிஞ்சுவதில்லை. ஆனால் இருவர் இருவராகப் பேசச் சொன்னால் ஒரே நேரத்தில் இருபது பேர் பேசுகிறார்கள்; பத்தே நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கிறது.

மாணவனுக்கு மாணவன் துணை என்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொன்னான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், இவ்வூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியில் மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை வழியாக அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. கூட்டமான வகுப்பைச் சமாளிக்க ஒரு காலத்தில் உலகம் நம் ஊரைப் பார்த்தது. வகுப்பில் கூட்டம் அதிகம் என்று சொல்லிப் பேச்சுப் பயிற்சியை நாம் கைவிடுவது முறையா?

கேட்டும் படித்தும் வந்தாலே போதாதா, பேச்சு தானே வராதா என்று கேட்பவர்கள் உண்டு. கனடாவில் ஆங்கிலக் குடும்பங்களின் பிள்ளைகள் பாடங்களைப் பிரெஞ்சில் கற்கும் பள்ளிகளை மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வைன் ஆராய்ந்தார். பல ஆண்டுகள் பிரெஞ்சு கேட்ட அப்பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேச்சிலோ பிழைகள் நீங்கவில்லை. கேட்பது மட்டும் போதாது, கற்பவர் தாமே மொழியைப் படைத்துப் பேச வேண்டும் என்று 1985இல் அவர் வாதிட்டார்.

சரி, எந்தச் சொற்களைக் கொண்டு பேசுவது? டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. பொதுவான எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அவற்றுக்குள் அடங்கிவிடும். பேச்சைத் தடையின்றிப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். முதல் இரண்டாயிரத்தை வகுப்பில் பேசிப் பேசி நாக்கில் ஏற்ற வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகக் கற்பிக்க எந்தப் பாடவேளையும் போதாது. அவை வாசிப்பில்தான் வர வேண்டும்.

இதற்கு ஃபிஜித் தீவுகளில் சான்று இருக்கிறது. ஆய்வாளர்களான வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் 1980களின் தொடக்கத்தில் அங்குள்ள கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொடுத்துப் படிக்கவைத்தனர். வாசித்தும் கேட்டும் புரிந்துகொள்வதில் அப்பிள்ளைகள் வழக்கத்தைவிட இருமடங்கு வேகமாக முன்னேறினர். இருபது மாதங்களில் அந்தப் பயன் மற்ற மொழித்திறன்களுக்கும் பரவியது. நம் பள்ளிகளில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் புத்தகங்களை வெளியே எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்க ஆசிரியர் மனம் வைத்தால் போதும்.

சொல்லைத் தனியே மனப்பாடம் செய்வதால் வரும் இடரையும் கவனியுங்கள். தமிழில் தவறும் செய்கிறோம், வீட்டுப்பாடமும் செய்கிறோம். அந்த வழக்கத்தில் நம் மாணவர் ‘டூ எ மிஸ்டேக்’ என்கிறார். ஆங்கிலேயர் ‘மேக் எ மிஸ்டேக்’ என்பார். இப்படிச் சேர்ந்து வரும் சொற்களைச் சேர்த்தே பழக்க வேண்டும். பொருளைத் தமிழில் சொல்வதில் தவறில்லை; அது விரைவாக மனத்தில் பதியும். மிச்சப்படும் நேரத்தில் அச்சொல்லைக் கொண்டு ஆங்கிலத்தில் பேசவைக்கலாம்.

இங்கே இருவர் இருவராகப் பேசவிடுவதற்கு எழும் ஒரு நியாயமான மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களின் பள்ளிகளில் ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு ஒரு பெரும் முயற்சியை நடத்தினார். ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து மாணவர்களைச் சிந்திக்கவைத்து, அதன் வழியே ஆங்கிலம் கற்பித்தார். கரும்பலகையும் சாக்பீஸும் காகிதமும் அதற்குப் போதுமாக இருந்தன. ஆனால் மாணவர்களைக் குழுவாகப் பேசவிட அவர் தயங்கினார். ஒருவர் பிழை மற்றவரிடம் தொற்றி நிலைத்துவிடும் என்பது அவர் அச்சம். அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் புதிய மொழியை ஆசிரியர் வாயிலாகக் கேட்டு, ஒரு பணியில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இருவர் பேச்சுக்குப் போக வேண்டும் என்கிறேன். அறிந்ததைச் சரளமாக்கவே அந்தப் பேச்சு. நேஷன் பரிந்துரைக்கும் 4-3-2 பயிற்சி இதற்குப் பொருத்தமானது. ஒரே செய்தியை ஒரு தோழனிடம் நான்கு நிமிடம், அடுத்தவனிடம் மூன்று, மூன்றாமவனிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். நேரம் குறையக் குறையத் தயக்கமும் குறைகிறது.

இவ்வளவும் நிலைக்க இரண்டு தடைகள் நீங்க வேண்டும். ஒன்று, பிழைவிட்டால் வகுப்பே சிரிக்கும் பழக்கம். பேசும்போது குறுக்கிடாமல், குறித்துக்கொண்டு பின்னர்த் திருத்துவது ஆசிரியர் கடமை. இன்னொன்று, தேர்வு. பொதுத்தேர்வில் மாணவர் எழுதியதைத் திருத்துகிறோம், பேசியதைக் கேட்பதில்லை. மதிப்பெண் இல்லாத திறனுக்குப் பாடவேளை ஒதுக்க எந்தத் தலைமையாசிரியரும் தயங்குவார்.

எனவே இக்கருத்தரங்கின் அமர்வுகளிடம் மூன்று வேண்டுகோள்கள். நம் வகுப்புகளில் ஆசிரியர் பேசும் நேரம் எவ்வளவு, மாணவர் பேசும் நேரம் எவ்வளவு என்று பதிவுசெய்து அளக்கும் ஆய்வுகளைத் திட்டமிடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டிய ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுக்க ஒரு குழு அமையுங்கள். பெரிய வகுப்பிலும் ஒரே ஆசிரியர் நடத்தக்கூடிய எளிய வாய்மொழித் தேர்வு ஒன்றை வடிவமைத்து அரசுக்குப் பரிந்துரையுங்கள்.

கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் இடையே உள்ள இடைவெளியை, கட்டணம் கட்டிச் சேரும் பயிற்சி மையங்கள் அகலமாக்கவே செய்யும். அதைக் குறைக்கும் கடமையும் வாய்ப்பும் அரசுப் பள்ளி வகுப்பறைக்கே உண்டு. அந்த நம்பிக்கையோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.