கம்பி யாருடையதாக இருந்தாலும்

ஓ.எம்.ஆர். சாலையில் நம் நாவலூர் டோல்கேட்டில் வசூல் நின்றது 2023 அக்டோபரில். அதுவரை காருக்கு ஒரு கட்டணம், லாரிக்கு ஒரு கட்டணம் என்று வாங்கினார்கள். வண்டியைப் பார்த்தார்களே தவிர, அது எந்தக் கடைக்குப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இணையச் சமநிலை கேட்பதும் இவ்வளவுதான். டேட்டாவின் அளவுக்கும் வேகத்துக்கும் நிறுவனம் காசு வாங்கட்டும். நாம் எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து விலையைக் கூட்டவோ வேகத்தை இழுத்துப் பிடிக்கவோ அதற்கு உரிமை இருக்கக் கூடாது.

இணையத்தில் இந்தச் சண்டை வருவதற்கு முன்பே கேபிள் டிவியில் தமிழ்நாடு இந்தப் பாடத்தைப் படித்துவிட்டது. பழைய கேபிளில் முன்வரிசைச் சேனல்கள் பளிச்சென்று வரும். பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட சேனல் புள்ளி புள்ளியாகத் தெரியும். பழைய பெட்டிகளில் வரவே வராது. ஒரு சேனலை முடக்கத் தடையுத்தரவு எதற்கு? பின்னுக்குத் தள்ளினால் போதுமே. முன்வரிசை இடத்துக்காகச் சேனல்கள் கேபிள் நிறுவனங்களுக்குப் பணம் கட்டும் வழக்கமே உருவானது. 2007-ல் அரசு கேபிள் டிவி நிறுவனம் தொடங்கப்பட்டது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது. ஏழை வீடுகளுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அரசை விமர்சிக்கும் செய்திச் சேனலுக்கு எந்த இடம் என்பதை அந்த அரசின் நிறுவனமே முடிவு செய்யலாமா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மாநில அரசுகள் சேனல் விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று 2008-லும் 2012-லும் பரிந்துரைத்தது. முதலாளியோ அரசோ, கம்பியைக் கையில் வைத்திருப்பவரைக் கட்டிப்போட ஒரு விதி வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த விதி இணையத்துக்குக் கிடைத்தது மக்கள் எழுதியதால். 2015 மார்ச்சில் டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைப்பதை டிராய் தடை செய்தது; மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் அதோடு இந்தியாவில் நின்றது. காசில்லாதவருக்குச் சில தளங்களாவது இலவசமாகக் கிடைத்தால் நல்லதுதானே என்று அன்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, நல்லெண்ணத்தோடு கேட்டவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சில தளங்களைத் தேர்ந்தெடுத்தது யார்? ஏழைக்கு எது போதும் என்று ஒரு நிறுவனம் முடிவு செய்வதை உதவி என்று என்னால் ஏற்க முடியவில்லை. தடை வந்த அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியது, போட்டியில் டேட்டா விலை சரிந்தது. கோடிக்கணக்கானோர் முழு இணையத்துக்குள்ளேயே வந்தார்கள்.

கோபுரமும் அலைக்கற்றையும் எங்கள் செலவு, அதில் யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் சம்பாதிக்கின்றன, ஆகவே பங்கு கொடுக்கட்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்கின்றன. அந்த வீடியோவைப் பார்க்க நாம் ஏற்கெனவே ரீசார்ஜ் செய்திருக்கிறோம். ஒரே சரக்குக்கு இரண்டு முறை கூலியா? பெரிய நிறுவனம் அதையும் கட்டிவிடும். சிறுசேரியில் நான்கு பேர் சேர்ந்து தொடங்கும் நிறுவனம் எங்கே போகும்?

அரசின் கையில் ஒழுங்குமுறையைக் கொடுத்தால் அதுவே கத்தரிக்கோலாகிவிடாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்த பிறகு, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தையே துண்டித்தார்கள். தளத்துக்குத் தளம் பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் மூடியதால் அது சமநிலை ஆகிவிடாது. ஆகவே விதி அரசையும் கட்ட வேண்டும். இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாவட்ட நிர்வாகம் அதை மதிக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். டிராய் அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது நாவலூரிலிருந்தும் பதில் போகட்டும். கம்பிக்கு உரியவரின் வாதம் தவறாமல் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. காசு கட்டுபவர்களின் வாதத்தை நீங்கள் எழுதி அனுப்புங்கள்.