வீடு மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும்

(சிவாஜிநகரில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. பெங்களூரில் இருக்கும் குமாஸ்தாவுக்கு ஈரோடு வேண்டும். ஈரோட்டில் இருப்பவருக்குப் பெங்களூர் வேண்டும். ஒரே கிரேடாக இருந்தால் இருவரும் சேர்ந்து மனுப் போட்டு 'மியூச்சுவல்' வாங்கலாம். சீனியாரிட்டியில் கொஞ்சம் அடி விழும். இருவரில் யாருடையது குறைவோ அதுதான் கிடைக்கும். ஆனாலும் பிள்ளைகுட்டிகளோடு இருக்கலாமே என்று சந்தோஷமாகப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம்.

வேலைக்கு உள்ள இந்த ஏற்பாடு வாரிய வீட்டுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்க வந்திருக்கிறோம்.

கர்நாடகத்தில் குடிசைப் பகுதிச் சட்டம் 1973இல் வந்தது. வாரியம் 1975இல் அமைந்தது. வீடு கொடுக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. எங்கே கொடுக்கிறார்கள்? 2013 ஜனவரியில் ஈஜிபுரா ஏழைகள் குடியிருப்பை இடித்தார்கள். கோரமங்கலாவுக்கு நடந்தே வீட்டு வேலைக்குப் போன பெண்களைச் சர்ஜாபுரம் சாலைப் பக்கம் சூலிகுண்டேக்குப் போ என்றார்கள். சென்னையிலும் இதே கதைதான். 1970இல் வாரியம் தொடங்கிய காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே தள்ளினார்கள்.

நமக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களைச் சொல்கிறோம். ஒருவர் ரசல் மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். விடியுமுன் வேலை; வீடோ ஊர்க்கோடியில், அந்த நேரத்துக்குப் பஸ் ஏது? இன்னொரு வீட்டு அம்மாவுக்கு வீடு ஊருக்குள், கார்மெண்ட்ஸ் வேலை ஊர்க்கோடியில். இருவரும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டை மாற்றிக்கொண்டார்கள். நடுவில் புரோக்கர் இரண்டு பக்கமும் காசு வாங்கிக்கொண்டான், அவனுக்கு மட்டும் எந்தச் சங்கடமும் வரவில்லை! ஆறு மாதத்தில் சரிபார்க்க ஆள் வந்தது. ஒதுக்கீட்டுக் கடிதத்தில் ஒரு பெயர், வீட்டில் வேறு பெயர். இருவருமே முறையாக வீடு பெற்றவர்கள். இருவருமே அனுமதியில்லாதவர்கள் ஆனார்கள். வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு ஓடும் தமிழர்கள் என்ற பேச்சு வேறு.

மாற்ற அனுமதித்தால் ரகசியமாக விற்பார்களே என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, கவுன்சில் வீட்டில் நிலையான உரிமையோடு வாடகைக்கு இருப்பவர்கள் எழுத்து மூலம் அனுமதி பெற்று வீட்டை மாற்றிக்கொள்ளலாம். மறுப்பதானால் சட்டத்தில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்றைக் காட்டி 42 நாளுக்குள் சொல்ல வேண்டும். வாடகை பாக்கி இருந்தால் முதலில் கட்டு என்று சொல்லலாம். மாற்றத்துக்காகப் பணம் கைமாறியது தெரிந்தால் வீட்டைவிட்டு வெளியேற்ற வழக்குப் போடலாம். ஆக, விற்பனையைத் தடுக்கவும் செய்கிறார்கள், ஏழையின் அவசரத்தையும் மதிக்கிறார்கள். குடும்பம் பெருகியவர், மாடி ஏற முடியாத முதியவர், வேலை மாறியவர் எல்லாருக்கும் இது வழி.

நம் வாரியத்தில் ஒரு பாரமும் ஒரு பதிவேடும் போதும். புது வீடு கட்ட வேண்டாம், செலவு அதிகமில்லை. பெயர் மாற்றத்தில் மனைவி பெயரும் ஏற வேண்டும் என்பதை நம் மனுவில் சேர்த்திருக்கிறோம். இது பெண்கள் வற்புறுத்தியதால் வந்தது, நமக்கு முதலில் தோன்றவில்லை.

அதுவரை யாரும் முத்திரைத்தாளை நம்பி வீட்டை மாற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே மாற்றியவர்கள் பயந்து ஒளியவும் வேண்டாம். ஞாயிறு காலை ஒதுக்கீட்டுக் கடிதம், ரேஷன் கார்டு, கரண்ட் பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். கன்னடத்தில் மனு எழுத இரண்டு தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.