வெள்ளம் வடிந்த வீட்டில் பூசணம்



2023 மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜொகூரில் 40,000 பேருக்கு மேல் வெள்ள நிவாரண மையங்களில் தங்கினார்கள். பத்து பகாட்டில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவே இல்லை. வீடு திரும்பியவர்கள் முதலில் சேற்றைத்தான் கழுவினார்கள். சேறு கண்ணுக்குத் தெரியும். அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் படரும் பூசணம் தெரியாது. நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் அது முளைக்கத் தொடங்கிவிடும்.

வெள்ளம் வராத வீட்டிலும் இதே கதைதான். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம். கூரை ஒழுகும், குழாய் கசியும், மழை நாளில் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுவோம். வாடை அடிக்கிறதே என்று சிலர் சாம்பிராணி போடுகிறார்கள். வீடு மணக்கும், பூசணம் அப்படியே இருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தப் புகையே இன்னொரு தொல்லை. அந்துருண்டையும் பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அல்ல.

பூசணத் துகள் மூச்சில் போனால் தும்மல், கண் எரிச்சல், இருமல் வரலாம், ஆஸ்துமா கிளம்பலாம். அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சை பெறுபவர்கள், இனிப்புநீர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் துடைப்பத்தைத் தொட வேண்டாம். "என் வீட்டை நான்தான் கழுவுவேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். இந்த ஒரு வேலையை மகனிடமோ மருமகளிடமோ விட்டுவிடுங்கள். அவர்கள் கழுவும்போது அந்த அறையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கவும் வேண்டாம்!

கழுவுகிறவர் என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி அணியட்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் துகள் வீடு முழுக்கப் பறக்கும். காற்றாடி போட்டாலும் அப்படித்தான். ஈரத் துணியில் சவர்க்கார நீர் தொட்டு, நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும். ஆகவே மருந்து தெளித்துவிட்டு அப்படியே விடுவது போதாது, மேலே சாயம் பூசி மறைப்பதும் வீண்.

வெள்ளத்தில் ஊறிய சிமெண்டுத் தரை, ஓடு போன்றவற்றுக்குப் பிறகு குளோராக்ஸ் போன்ற வெளுப்பு நீர் பயன்படுத்தலாம். 16 கப் தண்ணீருக்கு 1 கப், அதற்கு மேல் வேண்டாம். கழிவறை கழுவும் அமிலம், வினிகர், அம்மோனியா எதையும் அதனுடன் கலக்கவே கூடாது. இரண்டு சேர்ந்தால் இன்னும் சுத்தமாகும் என்று நினைக்கிறோம். கிளம்புவது நச்சு வாயு. கதவை மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வெள்ள நீரில் ஊறிய மெத்தை, தலையணையைக் காயவைத்துப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். சீலிங் பலகை பூசணம் பிடித்துவிட்டால் அதையும் மாற்ற வேண்டும். பட்டுச்சேலை வேறு விஷயம்; துவைக்க முடிந்த துணியைத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தலாம். சுவரில் பூசணம் 3 அடிக்கு 3 அடியைவிடப் பெரிதாகப் படர்ந்திருந்தால் ஆள் வைத்துச் செய்வதே நல்லது.

கழுவிய பிறகு ஒழுகலை அடைக்காவிட்டால் மறுபடியும் வரும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயில் ஏறியதும் சன்னலைத் திறங்கள்.

இருமல் விடவில்லை, இரவில் மூச்சு இழுக்கிறது என்றால் அரசாங்க கிளினிக்கிற்கு வாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் இன்ஹேலரையும் எடுத்து வாருங்கள். வீட்டில் பூசணம் இருக்கிறது என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். கைப்பேசியில் சுவரைப் படம் பிடித்து வந்து காட்டினால் இன்னும் நல்லது. மூச்சுத் திணறல் கடுமையானால் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.