கண் விரிந்த பழம்



ஆயுத பூஜை நெருங்கினால் திருப்பூர் வீதிகளில் சீத்தாப்பழக் கூடைகள் வந்துவிடும். ஷிப்ட் முடிந்து வரும் பனியன் கம்பெனி ஆட்கள் பை நிறைய வாங்கிப் போவார்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஒரு வீட்டில் பழம் வெண்ணெயாய்க் கனிந்திருக்கும், இன்னொரு வீட்டில் கறுத்துக் கல்லாய் இறுகிக் கிடக்கும். பழுக்கப் போட்டவர் மேல்தான் குறை சொல்வோம். என்னைக் கேட்டால், பாதிக்கு மேற்பட்ட வேலை பறித்தவர் கையிலேயே முடிந்துவிடுகிறது.

காயின் மேல் புடைத்திருப்பவற்றைக் கண் என்கிறோம். இளங்காயில் கண்கள் நெருக்கியடித்து நிற்கும். முற்ற முற்ற அவை விலகி, இடையிலுள்ள பள்ளத்தில் வெளிர்மஞ்சள் ஓடும். அந்த நிறத்தைப் பார்த்துப் பறித்த காய் இரண்டு மூன்று நாளில் தானே கனியும். முற்றிய காய் எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளிவிடுகிறது. அரிசிப் பானையோ, வைக்கோலோ, எங்கள் வீட்டில் சுற்றி வைக்கும் பனியன் வேஸ்ட் துணியோ அந்த வாயுவைக் கலையாமல் காக்கும், அவ்வளவுதான். முற்றாத காயை எதில் புதைத்தாலும் இனிப்பு ஏறாது.

இதில் பருவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சித்திரை, வைகாசியில் மரம் ஒரே நாளில் பூத்து முடிப்பதில்லை. பூ பிஞ்சாகி முற்ற ஏறக்குறைய நான்கு மாதம். ஆகவே காய்களும் முன்னும் பின்னுமாகத்தான் முற்றும். நல்ல விவசாயி ஒரே மரத்துக்கு மூன்று நான்கு முறை போவார். பூஜைச் சந்தையைப் பிடிக்க ஒரே நாளில் மொத்தமாக உலுக்கி எடுப்பது பழத்துக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

ஆவணி, புரட்டாசி வெயிலில் பறித்த காய் மளமளவென்று கனியும், ஒரு நாள் மறந்தால் குழைந்துவிடும். கார்த்திகை தாண்டி மலைச்சரிவில் பனியில் நின்ற காய் அப்படியல்ல. வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், கனிவதும் தடைப்படும். பச்சைக் காயை ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் மார்கழியை வீட்டுக்குள் கொண்டுவந்து காயைக் கெடுக்கிறார்கள். கனிந்த பிறகு வையுங்கள், தாராளமாக.

குளிரை விரும்பும் உறவு ஒன்றும் சீத்தாப்பழத்துக்கு உண்டு. தென் அமெரிக்க ஆண்டீஸ் மலைக்குப் பழகி, இன்று ஸ்பெயினின் கிரனடா கடற்கரையில் விளையும் செரிமோயா. அங்கே இலையுதிர் காலத்தில் தொடங்கும் பறிப்பு குளிர்காலம் முழுக்க நீளும். அதன் இரத்தம் நம் நாட்டிலும் ஓடுகிறது: பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சஹான், செரிமோயா கலப்பு வழி வந்த ரகம். மெதுவாகக் கனிவதால் தூரச் சந்தைக்கு ஏற்றது.

இருந்தாலும் என் மரியாதை தெருவில் கூடை வைத்திருக்கும் அக்காக்களுக்குத்தான். எங்கள் தெருமுனை அக்கா பழத்தைத் தொடுவதற்கு முன், “எப்பச் சாப்பிடப் போறீங்க கண்ணு?” என்று கேட்பார். பிறகு ஒவ்வொன்றாக விரலால் மெல்லத் தொட்டு, “இது இன்னைக்கு, இது நாளைக்கு, இது நாளன்னைக்கு” என்று பிரித்துத் தருவார். கண் விரியாத காயைக் கேட்டால், விலை பேசவே மாட்டார்.